கடைசிப் பாட்டில் ஒரு விசில்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். குளிருக்கு அம்மாவின் முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். நீ, மாமா, பாப்பா மூவரும் சுகந்தானே? விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸை இன்னமும் நீதான் எடுக்கிறாயா?

இத்துடன் தட்டையாக ஒரு பெட்டி வந்திருக்கும். பயப்படாமல் பிரி. எங்கள் பாண்டின் ஆல்பம். பெயர் ‘இரண்டாம் ஷிப்ட்’. பெரிய இசைத்தட்டாகவே போட்டிருக்கிறோம், இரண்டு பக்கம். அட்டையில் இருப்பது எந்த கேட் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பிரஸ் மிஷின் ஓட்டிய ஆலையின் கேட்தான். முதல் பாட்டில் ஷிப்ட் தொடங்குகிறது, கடைசிப் பாட்டில் முடிகிறது. நடுவில் முழுக்க மிஷின், புகை, வியர்வை. டிரம்ஸ் அடிக்கிற தாளமே அந்த மிஷின் தகட்டில் விழுகிற தாளந்தான். நான் வாயால் அடித்துக் காட்டினேன், டிரம்ஸ்காரன் அப்படியே பிடித்துக்கொண்டான்.

கடைசிப் பாட்டின் முடிவை மட்டும் ஸ்டுடியோவில் எடுக்கவில்லை. அத்தனை சத்தத்துக்குப் பிறகு ஒற்றைக் கிட்டார் தனியாக அடங்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் நம் வீட்டு முன் அறையில், அப்பா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்தேன். மிக்சிங் முழுவதும் நானே. மற்ற மூவரும் ஸ்டுடியோ சோபாவில் படுத்துத் தூங்கினார்கள். “காது இருக்கிறப்ப நமக்கென்னடா கவலை” என்று சொல்லிவிட்டுத் தூங்கினார்கள். எனக்கு இன்னும் அந்தப் பெயர்தான். காது.

போன் எடுப்பதில்லை என்று நீ கோபித்திருக்கிறாய் என்று தெரியும். எனக்குப் போனில் பேசவே பிடிக்காமல் போய்விட்டது. பேசி முடித்ததும் எதுவும் கையில் மிஞ்சுவதில்லை. கடிதம் என்றால் எடுத்து எடுத்துப் படிக்கலாம். நீயும் எழுது.

கேட்டுவிட்டு உள்ளதைச் சொல். அம்மா முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு “நல்லா இருக்கு, ஆனா ஏன் அந்தப் பையன் அப்படிக் கத்தறான், அவனுக்கு என்ன குறை” என்றாள்.

உன் தம்பி

—

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்குச் சளி, மாமாவுக்குச் சளி பிடித்துவிடுமோ என்ற பயம், எனக்கு இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிற வேலை. முதல் பஸ் நான்தான். என்னை விட்டால் அந்த இருட்டில் யார் வருவார்கள்?

பெட்டி பத்திரமாக வந்தது. கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானதும் ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்துக்கொண்டு அந்த கேட்டையே பார்த்தேன். அழவில்லை என்று சொன்னால் பொய். அடுத்த டிரைவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

மாமா எங்கிருந்தோ ஒரு பழைய பிளேயர் பிடித்து வந்தார். முதல் பக்கம் கேட்டோம். உள்ளதைச் சொல் என்றாய், சொல்கிறேன். எனக்கு இந்த ஹெவி மெட்டல் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனால் மிஷின் தாளம் வந்ததும் கால் தானாக ஆடியது. அது அப்பாவேதான். ஒரே ஒரு குறை. டிரம்ஸில் அந்தச் சிம்பல் தட்டு அடிக்கிறபோதெல்லாம் எனக்குப் பல் கூசியது. கிட்டாரும் மேலே போகும்போது ஊசி மாதிரி ஏறுகிறது. பாப்பா காதைப் பொத்திக்கொண்டாள். பிளேயர் பழசு என்று மாமா சொல்கிறார். அதுவாக இருக்கும். இரண்டாம் பக்கத்தை எனக்கு லீவு வருகிற நாளுக்கு என்று வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாதபோது கேட்க வேண்டும்.

போன் பிடிக்கவில்லை என்ற கதையை வேறு யார் காதிலாவது பூவாகச் சுற்று. ராத்திரியெல்லாம் போனில் உன் கிட்டாரை ஊருக்கே வாசித்துக் காட்டிய ஆள் நீ. என்ன விஷயம்? பெண் விவகாரமா? அக்காவிடம் சொல்வதற்கென்ன?

அம்மாவுக்குத் தைலம் தேய்த்து விடு.

அன்புடன் அக்கா

—

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். பாப்பாவின் சளி போயிருக்கும் என்று நினைக்கிறேன். பெண் விவகாரம் எதுவும் இல்லை. நான்கு தடியர்களோடு ஒரு வேனில் சுற்றுகிறவனை எந்தப் பெண் பார்ப்பாள்?

உன் பிளேயரை மாற்று. அல்லது ஊசியை மாற்று.

விமர்சனங்கள் வந்துவிட்டன. வராமலே இருந்திருக்கலாம். ஒருவர் எழுதுகிறார், ‘ஈயத் தட்டை ஆணியால் கீறுவது போன்ற ஒலி’ என்று. இன்னொருவர், ‘பாடல்கள் அருமை, கேட்கத்தான் முடியவில்லை’ என்று. மூன்றாவது ஆள் ஒரே வரியில் முடித்துவிட்டார், ‘இதை மிக்ஸ் செய்தவர் எங்கள் மேல் என்ன கோபத்தில் இருந்தார்?’ எங்களை ஆதரித்துவந்த இசைத்தட்டுக் கடைக்காரர்கூடத் தட்டுகளைப் பின் அடுக்குக்குத் தள்ளிவிட்டார்.

எனக்கு வயிறு எரிகிறது அக்கா. ஒவ்வொரு ஒலியையும் அது இருக்க வேண்டிய இடத்தில் கண்ணும் கருத்துமாக வைத்தேன். முதலில் எல்லாம் மந்தமாக, போர்வைக்குள் இருந்து வருவது போல இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துலக்கினேன், பித்தளையைத் துலக்குவது மாதிரி. துலக்கியது குற்றமாம். இப்போதெல்லாம் எல்லோரும் கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். காது இருப்பவன் கேட்கட்டும்.

மற்றபடி, வேலை செய்யும் ஒலிபெருக்கிக் கம்பெனியில் என்னை மிக்சிங் மேசையில் இருந்து மாற்றியிருக்கிறார்கள். இப்போது வண்டியில் சாமான் ஏற்றி இறக்குகிறேன். முதுகுக்கு நல்ல பயிற்சி. மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை விழ ஆரம்பித்திருந்தது.

அம்மா சுகம். தைலம் தேய்த்துவிட்டேன்.

உன் தம்பி

—

மார்ச் 25

என் மகளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும். எனக்கு முட்டி பரவாயில்லை. எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடியைக் குறை சொல்.

தம்பி இல்லாத நேரத்தில் எழுதுகிறேன். இதை அவனிடம் நீ கேட்கக் கூடாது, எனக்குச் சத்தியம் செய்து கொடு. அவனுக்கு என் மேல் ஏதோ கோபம். என்ன என்று தெரியவில்லை. நான் கூப்பிட்டால் வருவதில்லை. பக்கத்தில் போய் நின்று பேசினால் சிரிக்கிறான், தலையை ஆட்டுகிறான். முதுகைத் திருப்பிக்கொண்டால் நான் சுவரோடு பேசுவது போலத்தான். டிவியை அலற விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான், என் குரல் கேட்கவே கூடாது என்பது மாதிரி.

போன வருஷம் ஒரு நாள் முன் அறையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். டீ போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. நான் கொட்டிவிட்டேன். அன்றிலிருந்துதான் எனக்கு மனசு விட்டுப்போனது. அவனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கவில்லை என்று கோபமா? அப்பா போனதற்கு என்னைக் குறை சொல்கிறானா? அப்பா ஆலைக்குப் போக வேண்டாம் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லைதான்.

பிள்ளை நன்றாக இருக்கிறான் என்றே நீ நினைத்துக்கொள். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

அம்மா

—

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். ஒரு மாதமாக உன்னிடமிருந்து எழுத்தே இல்லை. பஸ்ஸை எங்காவது வயலில் இறக்கிவிட்டாயா?

நல்ல செய்தி, உட்கார்ந்து படி. கடல் தாண்டி ஒரு பத்திரிகை. எங்கள் மாதிரி இசையில் அவர்கள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. முழுப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். ஊரெல்லாம் திட்டிய அந்தக் கூர்மையைத்தான் அவர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ‘ஆலைக்குள் நிற்பவனின் காது எப்படி வலிக்குமோ அப்படி வலிக்கிறது, இவ்வளவு துணிச்சலாக ஒரு ஆல்பத்தை யாரும் சமீபத்தில் மிக்ஸ் செய்யவில்லை’ என்கிறார்கள். திட்டியவர்கள் இப்போது இரண்டாம் முறை கேட்டதாக எழுதுகிறார்கள். கடைக்காரர் தட்டுகளை முன் கண்ணாடியில் வைத்துவிட்டார். ஒரு பெரிய பாண்டுக்கு முன்னால் வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஊர் ஊராக. வேலையை விட்டுவிட்டேன்.

ஆனால் அந்த எழுத்தாளரும் கொஞ்சம் கற்பனைப் பேர்வழிதான். சிரிக்காமல் கேள். ‘கடைசிப் பாட்டில் கிட்டார் தேய்ந்து அடங்கும்போது எங்கோ தூரத்தில் ஆலையின் விசில் எழுகிறது, ஷிப்ட் முடிந்துவிட்டது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது’ என்று எழுதியிருக்கிறார். என்ன விசில்? எந்த ஆலை? கிட்டாரைத் தவிர அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த மனுஷன் எதைப் போட்டுக் கேட்டாரோ தெரியவில்லை. எங்கள் பாடகனிடம் காட்டிச் சிரித்தேன். அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

இருந்தாலும் புகழ்ச்சி புகழ்ச்சிதானே. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மாமாவுக்கு என் அன்பு.

உன் தம்பி

—

மே 4

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று வழக்கமாக எழுதுவேன். இன்று அதைக் கேள்வியாகவே கேட்கிறேன். நலமா?

வீட்டில் யாரும் இல்லாத ஒரு லீவு நேற்றுதான் எனக்குக் கிடைத்தது. மாமா வேலைக்கு, பாப்பா சினேகிதி வீட்டுக்கு. உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். கடைசிப் பாட்டு வந்தது. கிட்டார் தனியாக நின்றது. என்ன ஒரு வாசிப்பு, அப்பாவின் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. அப்புறம் விசில் வந்தது.

அந்த எழுத்தாளர் சரியான தட்டைத்தான் கேட்டிருக்கிறார். விசில் இருக்கிறது. மெல்லிசாக ஒளிந்துகொண்டும் இல்லை. கிட்டாரை மிதித்துக்கொண்டு வருகிறது. அது ஆலையும் இல்லை, மண்ணும் இல்லை. என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த கெட்டில். பாப்பா குழந்தையாக இருந்தபோது கீழே போட்டு மூடி நசுங்கியதில் இருந்து அது ஒரே சுருதியில் ஊதாது. கீச்சென்று கிளம்பி, அழுகிற மாதிரி இறங்கி, திரும்ப ஏறும். எத்தனை கெட்டில் ஊதினாலும் அதை நான் கண்டுபிடிப்பேன். நீயும் கண்டுபிடிப்பாய். வீட்டுக்குள் எந்தக் கதவு எந்தச் சுருதியில் கிறீச்சிடும் என்று சொல்கிற பிள்ளை நீ.

அது உனக்குக் கேட்கவில்லை.

சிம்பல் ஏன் பல் கூசியது என்று இப்போது புரிகிறது. போன் ஏன் பிடிக்கவில்லை, மேசையில் இருந்து ஏன் மாற்றினார்கள், எல்லாம். போர்வைக்குள் இருந்து வருவது மாதிரி இருந்தது என்று நீயே எழுதினாய். போர்வை பாட்டின் மேல் இல்லையடா.

எப்போதிலிருந்து? டாக்டரைப் பார்த்தாயா?

எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் கோபமாகவும் இருக்கிறது. அப்பா எதற்கும் சிரித்துத் தலையாட்டுவார். நல்ல மனுஷன், எதிர்த்தே பேசமாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் தன் காது மங்கியதை ஆலையிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. பின்னால் வந்த லாரியின் பீப் சத்தம் அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. “கத்தினேம்மா, அவர் திரும்பவே இல்ல” என்று ஃபோர்மேன் அம்மாவிடம் அழுதது உனக்கு நினைவில்லையா? அவருக்காகத்தானே இந்த ஆல்பத்தையே போட்டாய்?

மேடைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரிடமாவது சொல். அதை மட்டும் செய்.

அக்கா

—

ஜூன் 10

தம்பிக்கு,

நாங்கள் நலம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சுற்றுப்பயணம் ஆரம்பித்துவிட்டது என்று அம்மா எழுதியிருக்கிறாள். அவளுக்கு உன்னிடமிருந்து ஒரு படம் வந்ததாம், ஏதோ பெரிய மேடையில் நான்கு பேரும் நிற்கிறீர்கள். நீ ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிற்கிறாயாம்.

திட்டுவதற்காவது ஒரு வரி எழுது.

அக்கா

—

ஜூன் 21

அக்காவுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாண்டில் கத்துகிறவன் நான்தான். என்னை ‘உறுமல்’ என்று கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறேன். நீங்களும் குடும்பமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தம்பியின் பையில் இருந்த உறையில் விலாசம் பார்த்து எழுதுகிறேன், உறையைத் திறக்கவில்லை.

ஒரு விஷயத்தை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மிக்சிங் முடிந்து முதல் முறை போட்டுக் காட்டியபோது கடைசியில் அந்த விசில் வந்தது. டிரம்ஸ் வாசிக்கிறவன் என் விலாவில் இடித்து, “என்னடா இது” என்றான். “வாய மூடு, காது வச்சிருக்கான்னா காரணம் இருக்கும்” என்றேன் நான். சிம்பல் குத்துவதும் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அக்கா, இவன் அடுத்த அறையில் இருந்துகொண்டு என் மைக் வயர் லூசு என்று கண்டுபிடித்தவன். நாங்கள் தப்பு என்று நினைத்த ஒவ்வொரு தடவையும் அவன்தான் சரியாக இருந்திருக்கிறான். அதனால் மூன்று பேரும் அருமை அருமை என்றோம். பிறகு அந்தப் பத்திரிகையும் அருமை என்றது. அப்போது அவன் என்னிடம் வந்து, “என்னமோ விசிலாம்” என்று சிரித்தான். அவனுக்கு அது கேட்கவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது அவன் வாசிக்கும்போது டிரம்ஸ் குச்சியைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. யாரும் நிற்காத இடத்தில், ஸ்பீக்கரின் வாயிலேயே போய் நிற்கிறான். இன்னும் ஏத்து இன்னும் ஏத்து என்று ஒலிக்காரரிடம் கை காட்டுகிறான். வேனில் நாங்கள் பேசினால் சிரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

அவனிடம் இதைக் கேட்டுவிட்டால் அவன் போய்விடுவான், அவன் போனால் பாண்ட் இல்லை. இத்தனை வருடம் வாசித்து இப்போதுதான் நாலு பேருக்கு எங்களைத் தெரிந்திருக்கிறது. இதற்காகத்தான் நாங்கள் வாயைத் திறக்காமல் இருக்கிறோம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியுமா?

பணிவுடன்,
உறுமல்

—

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பு நலம். அதற்கு மேல் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. உன் மே மாதக் கடிதம் எல்லா ஊருக்கும் என்னோடு வந்தது. தூக்கிப் போடவும் முடியவில்லை, பதில் எழுதவும் முடியவில்லை. உன் மேல் கோபம் இருந்தது. கெட்டிலைக் கண்டுபிடிக்கச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் நிகழ்ச்சி அந்தப் பாட்டோடுதான் முடியும். முதல் ஊரில் கடைசிச் சுரத்தை விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தால், முன் வரிசையில் எல்லோரும் என்னைப் பார்த்து உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்கிறார்கள். முத்தம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கையைக்கூட ஆட்டினேன். அப்புறம் பின்னால் பார்த்தேன், அடுத்த வரிசை, அதற்கும் அடுத்தது, வெளிச்சம் போகிற வரைக்கும் குவிந்த உதடுகள். விசில் அடிக்கிறார்கள் அக்கா. அத்தனை பேரும் அம்மாவின் கெட்டிலை ஊதுகிறார்கள். இறங்கி ஏறுகிற இடத்தில் எல்லோருடைய தலையும் சேர்ந்து தாழ்ந்து நிமிர்கிறது. நான் மட்டும் சத்தமில்லாத படம் பார்க்கிறவன் மாதிரி நிற்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் இதுதான்.

ஒரு நாள் உறுமல் மேடைக்குப் பின்னால் என்னைப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேராக வாயை வைத்து, “கேக்குதாடா உனக்கு?” என்றான். எனக்குத் தலையாட்டத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே ஆட்டத் தொடங்கினேன். ஆட்டுகிற தலை என்னுடையது இல்லை, அப்பாவுடையது என்று தோன்றியது. அப்படியே நிறுத்திவிட்டு, “இல்லடா, கேக்கல” என்றேன். அவன் அழுதான். அத்தனை பெரிய உருவம் அழுது நீ பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் அவன்தான் கூட்டிப்போனான். மேல் சுரங்கள் போய்விட்டன, திரும்பாது. கீழே மிச்சம் இருக்கிறது. மேடையில் இன்னும் கொஞ்ச நாள் நின்றால் அதுவும் இருக்காது என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பாதிப் பயணத்தில் இறங்கிக்கொண்டேன். அவர்கள் வேறு ஒரு பையனை வைத்து முடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆல்பத்துக்கும் அதே கூர்மை வேண்டும் என்று ரசிகர்கள் கேட்கிறார்களாம். செவிடன் மிக்ஸ் செய்ததை நல்ல காது உள்ளவன் எப்படிக் கொண்டுவருவது என்று ஸ்டுடியோவில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு வந்தால் சிரித்துக்கொள்.

கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வேறென்ன தெரியும் எனக்கு? இருந்தது ஒரே ஒரு பெயர், அதுவும் காது.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சுற்றுப்பயணம் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று கேட்கிறேன், செய். அந்த முடிவை ஹெட்போன் வைத்து, சத்தத்தை முழுக்கத் திறந்துவிட்டுக் கேள். விசில் எப்படி வருகிறது, எப்படி நிற்கிறது, கிட்டாருக்கு அது பொருந்துகிறதா என்று எழுது. ஊரெல்லாம் கேட்ட பாட்டு. போட்டவன் மட்டும் கேட்கவில்லை.

உன் தம்பி

—

ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். மாமா உன்னை இங்கே வரச் சொல்கிறார். பாப்பா தன் அறையில் பாதியை உனக்குத் தருவதாகச் சொல்கிறாள், நல்ல பாதியை அல்ல.

சொன்னபடி கேட்டேன். மாமாவின் ஹெட்போனை வாங்கிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.

முதலில் உன் விரல் கம்பியில் உராய்கிறது, நாற்காலி முனகுகிறது. அதெல்லாம் இருக்கிறது. விசில் மெல்லத்தான் கிளம்புகிறது, யாரோ பக்கத்துத் தெருவில் ஊதுவது மாதிரி. அப்புறம் ஏறி, நசுங்கிய மூடியிடம் வந்ததும் சறுக்கி, திரும்ப ஏறுகிறது. நீ வாசிக்கிற சுரத்துக்கு அது பொருந்தவில்லை. பொருந்தாமல் உரசிக்கொண்டே போகிறது. ஆனாலும் அது இல்லாமல் அந்தப் பாட்டை இனி என்னால் நினைக்க முடியாது. பிறகு அடுப்புத் திருகுகிற சத்தம், விசில் உள்ளே சுருண்டு அடங்குகிறது. எல்லோரும் அதோடு பாட்டு முடிந்தது என்று தட்டை எடுத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் அன்று எடுத்துவிட்டேன்.

நேற்று எடுக்கவில்லை. அடங்கிவிட்ட மாதிரி இருந்தாலும் உன் கிட்டார் மெல்லிசாக இன்னும் கொஞ்சம் போகிறது. அதற்கு அடியில், காற்றோ இரைச்சலோ என்பது மாதிரி, ஒரு குரல் இருக்கிறது. வேறு யாருக்கும் அது குரல் என்றே தெரியாது. எனக்குத் தெரிந்தது. அம்மா. “தம்பி, டீ போட்டாச்சு.” நீ வாசிக்கிறாய். “தம்பி, ஆறுது பாரு, வா.” நீ வாசிக்கிறாய். கடைசியில் வெறும் “தம்பி” மட்டும், முன்னதைவிட மெதுவாக. அப்புறம் நீயும் நிறுத்திவிட்டாய், அவளும் நிறுத்திவிட்டாள்.

அம்மாவுக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். அதை உடைக்கிறேன். மார்ச் மாதம் அவள் எனக்கு எழுதினாள். நீ தன் மேல் கோபமாக இருக்கிறாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் பண்ணி வைக்காததற்கா, அப்பா போனதற்கா என்று உட்கார்ந்து காரணம் தேடுகிறாள். அந்த டீயைக் கொட்டியதைக்கூட எழுதியிருந்தாள். தெரியாமலே இருக்கட்டும் என்று நீ எழுதியிருக்கிறாய். அவளுக்குத் தெரிந்திருப்பது அதைவிட மோசமடா. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதை அவள் தாங்குவாள். பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்பதைத்தான் தாங்க முடியாமல் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கூப்பிட்டிருக்கிறாள் உன்னை. போய் என்ன என்று கேள்.

அக்கா

—

ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். இந்தத் தடவை இரண்டு பேரையும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் அவள் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் போய் அவள் முகம் தெரிகிற மாதிரி சமையல் மேடை ஓரமாக நின்றுகொண்டு, “என்னம்மா?” என்றேன்.

“என்ன என்னம்மா?”

“கூப்பிட்டியே.”

“நான் எப்படா கூப்பிட்டேன்?”

“போன வருஷம்” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விசில், டாக்டர் போட்ட படம், எல்லாம். நடுவில் அவள் ஏதோ சொன்னாள். நான் தலையாட்டவில்லை. “கேக்கலம்மா, திரும்பச் சொல்லு” என்றேன். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். “அப்ப கோவம் இல்லியா?”

இல்லை என்றேன். அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை, தோள் குலுங்கியதைத்தான் பார்த்தேன். வெகுநேரம் அழுதாள். அப்பாவுக்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நானும்தான்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கெட்டிலை எடுத்தாள்.

“அந்த டீ ஆறிப்போயிருக்கும்” என்றாள். “வேற போடறேன், உக்காரு.”

நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கெட்டிலின் மூக்கில் ஆவி வந்ததும் நானே எழுந்து அடுப்பை அணைத்தேன்.

உன் தம்பி